கறெலுக்குக் கிரீடம் வைத்தவர்களுக்கு

கறெல் போய்விட்டார். இன்று காலை, கோல்டிங் நகர முதியோர் இல்லத்தில்... நித்திரையிலேயே.

அழுதுகொண்டு ஃபேஸ்புக்கைத் திறந்தால் நம் தமிழ்ச் சங்கத்தின் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் கறெல், அவர் தலையில் தங்கக் கிரீடம்! கீழே "பொஹீமிய மன்னர் பரம்பரையின் மாணிக்கம்" என்று வேறு. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கறெலின் குடும்பம் செக் நாட்டின் பொஹீமியாவில் பிரபுக் குடும்பம். மன்னர் இல்லை! கம்யூனிஸ்டுகள் மாளிகையைப் பறித்தபோது இவர் கைக்குழந்தை. இங்கே டென்மார்க்கில் வளர்ந்து, பஸ் ஓட்டி, பிறகு எங்கள் நகரசபை உறுப்பினர் ஆனவர். பிரபு என்று யாராவது சொன்னால் முகத்தைச் சுளிப்பார்.

அங்கே ஆட்சி மாறியதும் மாளிகையைத் திருப்பிக் கேட்கலாம் என்றார்களாம். போய்ப் பார்த்தால் உள்ளே பெற்றோர் இல்லாத பிள்ளைகளின் விடுதி. ஜன்னலில் குட்டிச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தனவாம். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, மாளிகையைக் கேட்காமலே திரும்பி வந்துவிட்டார்.

எனக்குக் கோபம். "ஊரில எங்கட வீட்டைப் பிடிச்சு ஆமி இருக்கு. நான் ஒருநாளும் விடமாட்டன்" என்று சண்டை பிடித்தேன், டேனிஷில்தான்.

"நீ விடாத. உன்ர வீட்டில படுக்கிறது ஆமி. என்ர வீட்டில படுக்கிறது பிள்ளையள்" என்றார்.

அந்த மனிதருக்கு நாம் என்ன செய்தோம்?

நான் படிப்பிக்கும் நம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இனிப் பள்ளிக்கூட அறை இல்லை என்று நகரசபையில் பேச்சு வந்தது. சொந்தக் கட்சியையே எதிர்த்து நின்றவர் கறெல் ஒருவர்தான். அடுத்த எலெக்ஷனில் கட்சி அவரை வேட்பாளர் பட்டியலில் கடைசி இடத்துக்குத் தள்ளியது. நம் வோட்டு விழுந்திருந்தால் தப்பியிருப்பார்.

விழுந்ததா? கோயில் தேருக்கு வேட்டி கட்டிக்கொண்டு வந்த வேறொரு வேட்பாளருக்குப் போட்டோம். அறையை எடுக்கக் கை உயர்த்திய அதே ஆளுக்கு!

"கறெல் நல்ல மனுசன்தான்... ஆனா அவரால என்ன ஏலும்?" இது நம் சங்கத் தலைவர் அண்ணை, அன்று.

கறெல் தோற்றார். அறையும் போனது. பிள்ளைகள் ஜாக்கெட்டோடு ஒரு கராஜில் இருந்து அ, ஆ எழுதினார்கள்.

போன குளிருக்கு அவரைப் பார்க்க இல்லத்துக்குப் போனேன். "பிள்ளையள் இப்ப எங்க படிக்கினம்?" என்று கேட்டார். சொன்னேன்.

அடுத்த கிழமை போன். "இங்க சாப்பாட்டு அறை சனிக்கிழமை பின்னேரம் சும்மாதான் கிடக்கு. கேட்டிட்டன். கூட்டிக்கொண்டு வா."

அன்றிலிருந்து வகுப்பு அங்கேதான். "கிழடுகளின்ர இடத்துக்குப் பிள்ளையளை எப்பிடி அனுப்புறது?" என்று சிலர் நிறுத்திக்கொண்டார்கள். அவர்களும் இன்று அந்தப் போஸ்டரை ஷேர் பண்ணுகிறார்கள். வெட்கமே இல்லையா?

கறெல் பின்மேசையில் கோப்பியோடு இருப்பார். சத்தம் கூடினால் காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரிப்பார்...

சற்றுமுன் தலைவர் அண்ணை போன் எடுத்தார். "தங்கச்சி, சனிக்கிழமை பின்னேரம் மண்டபத்தில அஞ்சலிக் கூட்டம். நீங்கள்தான் வடிவாப் பேசுவீங்கள். கட்டாயம் வரவேணும்."

"ஏலாது அண்ணை. எனக்கு வகுப்பு இருக்கு" என்று வைத்துவிட்டேன்.

போயிட்டு வாங்கோ, கறெல்.