உப்பு வராத தட்டு

"ஆறாம் நாள். தட்டில் இன்றும் உப்பு வரவில்லை. எழுதியவர்: ஷாலினி, ஐந்தாம் வகுப்பு."

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் ஒரு கரும்பலகை இருக்கிறது. தினமும் காலையில் ஒரு பிள்ளை அதில் பள்ளிச் செய்தியை எழுதி, பிரேயரில் சத்தமாக வாசிக்க வேண்டும். கிளியனூரிலிருந்து பஸ்ஸில் வரும் தலைமையாசிரியர் தெய்வநாயகி டீச்சரின் ஏற்பாடு இது. நடந்ததை மட்டும் எழுத வேண்டும். எழுதியதைச் சாயங்கால மணி அடிக்கும்வரை யாரும் அழிக்கக் கூடாது. இரண்டே விதிகள். மூன்றாம் வகுப்பு பரத்துக்குப் பல் விழுந்ததும், சத்துணவுக் கூடத்தில் பூனை குட்டி போட்டதும் அப்படித்தான் ஊருக்குத் தெரியவந்தன.

மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய ஊர் எங்களுடையது. பள்ளி வாசலில் நின்று பார்த்தால் பாத்திகள் தெரியும், அதற்கப்பால் தார்ப்பாய் போட்டு மூடிய உப்புக் குவியல்கள் தெரியும். இப்படிப்பட்ட ஊரில் ஒரு பள்ளிக்கூடம் ஆறு நாளாகத் தட்டில் உப்பு வரவில்லை என்று பலகையில் எழுதிப் போட்டால் சும்மா விடுவார்களா?

"இன்னா வினோதினி, உங்க ஸ்கூலுக்கு ஒரு மூட்டை எறக்கட்டுமா?" என்று லாரியிலிருந்தே கேட்டார் உப்பு லாரி ஓட்டும் ஐயப்பன் அண்ணன்.

உப்பு எடுக்கும் சோதனைக்காக அந்தத் தட்டில் தண்ணீரை ஊற்றியவள் நான்தான். பி.எஸ்சி. வேதியியல் முடித்து இரண்டு வருஷமாகிறது. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. அரசு வேலைத் தேர்வுகள் எழுதிக்கொண்டே பள்ளிக்கு வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் நான் எழுத வந்தது என்னைப் பற்றி அல்ல, ஷாலினியின் அம்மா அம்சவல்லி அக்காவைப் பற்றி.

அக்காவுக்கு முப்பத்தாறு வயது. எட்டாவது வரை படித்தவர். பதினாறு வயதில் பாத்தியில் இறங்கினார். விடியுமுன் போய் வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரி, கூடையில் சுமந்து வரப்பில் கொட்டுகிற வேலை. அதில் பதினெட்டு வருஷம். கணவர் மணிகண்டன் சென்னையில் கட்டட வேலையில் இருக்கிறார், மாதம் ஒருமுறை வருவார். இரண்டு வருஷத்துக்கு முன்பு பள்ளியில் காலை உணவு சமைக்க மகளிர் குழுவிலிருந்து ஆள் கேட்டபோது அக்கா பெயர் கொடுத்தார். அன்று சாயங்காலம் உப்பு வாரும் பலகையைக் கொண்டுபோய் மேஸ்திரி காசிலிங்கத்தின் கொட்டகையில் சாத்திவிட்டு, மகளிடம் சொன்னாராம்: "நம்ம வூட்டுக்கு உப்பு முடிஞ்சிது."

முதல் வருஷம் சமையலறை வாசலில் உட்கார்ந்து குதிகாலில் விளக்கெண்ணெய் தடவுவார். உப்புத் தண்ணீர் அறுத்த வெடிப்புகள். இந்த வருஷம் அவை மூடிக்கொண்டன. "பாரு வினோ, கொலுசு போடலாம் போலிருக்குது" என்று ஒருநாள் காலை நீட்டிக் காட்டினார்.

ஆனால் சமைக்கிறவரின் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்று குழுவில் சொல்லியிருந்தார்கள். ஷாலினி இப்போது ஐந்தாவது. ஜூனில் அவள் ஆறாவதுக்கு மரக்காணம் போய்விடுவாள். அடுப்பு வேறொரு அம்மாவின் கைக்குப் போகும், அக்கா பாத்திக்குத் திரும்ப வேண்டும். டீச்சருக்கு இது தெரியும், எனக்கும் மேஸ்திரிக்கும் தெரியும். ஷாலினிக்குத் தெரியாது.

"சொல்லாதே வினோ," என்று அக்கா என்னிடம் கையைப் பிடித்துக் கேட்டிருந்தார். "தெரிஞ்சா அது பரீட்சையில வெறும் பேப்பரக் குடுத்துட்டு இங்கியே உக்காந்துக்கும். எங்கூட்டுப் புள்ள, எனக்குத் தெரியாதா?"

மார்ச் மாதம் ஆண்டு விழா. அதில் சின்ன அறிவியல் கண்காட்சி. எந்தச் சோதனை வேண்டுமானாலும் செய்யலாம் என்று டீச்சர் சொன்னதும் ஷாலினி எழுந்து, "உப்பு எடுக்கறது, டீச்சர்" என்றாள்.

அக்கா கரண்டியோடு வகுப்புக்கே வந்துவிட்டார். "உப்பு வேணாம்னுதானே படிக்க அனுப்புறேன்? பாடத்துலயும் உப்பா? எரிமலை கிரிமலை செய்யச் சொல்லுங்க டீச்சர்."

"எரிமலையை ரேகா எடுத்துக்கிட்டா," என்றாள் ஷாலினி.

டீச்சர் பேசிச் சமாதானம் செய்தார். அக்கா ஒரே நிபந்தனை போட்டார்: ஷாலினி உப்பளத்தில் கால் வைக்கக் கூடாது. அதனால் தண்ணீர் எடுத்துவர நான் போனேன்.

என் அம்மாவும் உப்பளத்தில்தான் வேலை செய்கிறார். என்னை ஒருநாளும் அந்தப் பக்கம் விட்டதில்லை. படி, படி என்றே வளர்த்தார். பாத்தி ஓரமாக ஒரு வாய்க்காலில் தண்ணீர் கெட்டியாக, எண்ணெய் போல மினுங்கிக்கொண்டு நின்றது. நாக்கில் வைத்தால் சுரீரென்றது. எவ்வளவு கெட்டியோ அவ்வளவு உப்பு, சீக்கிரம் படியும் என்று கணக்குப் போட்டேன். கேன் நிறைய மொண்டு வந்து ஒரு பெரிய எவர்சில்வர் தட்டில் ஊற்றி, குழாயடிச் சுவர்மேல் வைத்தோம்.

முதல் இரண்டு நாள் அடியில் கொஞ்சம் பொடி தெரிந்தது. பிறகு ஒன்றும் இல்லை. மத்தியானம் வற்றுவதுபோல இருக்கும். காலையில் பார்த்தால் தட்டு மறுபடியும் ஈரமாக, கொழகொழவென்று இருக்கும். சோதனை முடியும்வரை பலகையை டீச்சர் ஷாலினியிடமே விட்டிருந்தார்; அவள் தினமும் பார்த்து, தினமும் உள்ளதை எழுதினாள். தட்டு இருந்த சுவரைத் தாண்டித்தான் அக்கா தண்ணீர் பிடிக்கப் போவார். ஆனால் ஒருமுறைகூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏழாம் நாள் என் அம்மா வேலையிலிருந்து வந்து, "அம்சா பொண்ணுக்கு உப்பு வரலியாமே, அளமே சிரிக்குது" என்றார். தண்ணீர் எடுத்தது நான் என்று அப்போதும் சொல்லவில்லை. இருபது வருஷமாக உப்பு வாரும் ஒருவர் எதிரில் உட்கார்ந்து சோறு தின்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. கூச்சம் என்று அன்று நினைத்துக்கொண்டேன். இப்போது அந்தச் சொல் சரிதானா என்று தெரியவில்லை.

விழா வெள்ளிக்கிழமை. புதன்கிழமை காலை, பிள்ளைகள் சாப்பிட்டு வகுப்புக்குப் போனபின் சமையலறைக்குப் போனேன்.

"அக்கா, ஒரு கை கல்லுப்பு குடுங்க."

"எதுக்கு?"

"சும்மா, தொண்டை கரகரங்குது. வாய் கொப்பளிக்க."

அக்கா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், சுவர்மேலிருந்த தட்டைப் பார்த்தார். "தொண்டைக்கா, தட்டுக்கா?"

நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"ஏழு நாளா வரல வரலன்னு எழுதிட்டு, எட்டாம் நாள் கல்லு கல்லா வந்துதுன்னு எழுதப்போறாளா? பாக்க வர்றவங்க பூரா அளத்துக்காரங்க. கடை உப்பு தெரியாது?" கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். தட்டில் இரண்டு விரலை விட்டு, கட்டைவிரலால் தேய்த்தார். முகம் மாறியது. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"அடிப்பாவி, எங்க மொண்ட?"

"ஓரத்து வாய்க்கால்ல."

"உப்பெல்லாம் வாரின பின்னாடி நாங்க தொறந்து வெளிய விடுற கசப்புத் தண்ணிடி அது! அதுலேருந்து எடுக்கறதுக்கு இன்னா இருக்குது? பூமி உள்ளவரைக்கும் காயாது. எண்ணெ மாதிரி வழவழங்குது பாரு. இத்தினி படிச்சியே, விரல வுட்டுப் பாத்தியா?"

மெக்னீசியம் குளோரைடு. காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். தேர்வில் இதற்கு இரண்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். தட்டில் இருந்தபோது தெரியவில்லை.

"அப்ப எந்தத் தண்ணிக்கா எடுக்கணும்?"

அக்கா சிரிப்பை நிறுத்தினார். பாத்திகள் இருந்த பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். "சொன்னா உனக்குத் தெரியாது. வா."

கேனை எடுத்துக்கொண்டு இருவரும் நடந்தோம். வரப்பு ஓரத்தில் அக்கா செருப்பைக் கழற்றினார். செருப்போடு யாரும் பாத்தியில் இறங்குவதில்லை, உப்பு அழுக்காகிவிடும். அவர் ஒரு காலைத் தண்ணீரில் வைத்ததும் பல்லைக் கடித்தார். இரண்டு வருஷத்தில் மிருதுவாகிவிட்ட தோல். நான் இறங்கப் போனேன். "நீ அங்கியே நில்லு" என்றார். என் அம்மா சொல்கிற அதே தொனி. நின்றேன்.

கொட்டகையிலிருந்து காசிலிங்கம் மேஸ்திரி குரல் கொடுத்தார். "இன்னா அம்சா, ஜூன் வரிக்கும்கூடத் தாங்கலியா?"

"தண்ணிக்கு வந்தேன் மேஸ்திரி. புள்ளைங்க பாடம்."

"பாடமா? உன் பலகை இங்கதான் இருக்குது. பத்திரமா வெச்சிருக்கேன்."

அக்கா கேனை இடுப்பில் இடுக்கிக்கொண்டார். நாலு பாத்திகளைத் தாண்டிப் போனார். ஒரு பாத்தியில் தண்ணீர்மேல் மெல்லிய ஆடைபோல உப்பு மிதந்தது. காற்று அடித்த பக்கமாக அது ஒதுங்கியிருந்தது. ஆடை கலையாமல் கேனைச் சாய்த்து, அடியிலிருந்து மொண்டார்.

அன்று மத்தியானமே புதிய தட்டில் கட்டம் கட்டமாக உப்பு பூத்தது. பழைய தட்டைக் கழுவப் போனபோது ஷாலினி தடுத்தாள்.

"ரெண்டும் இருக்கட்டும் மிஸ். இது ஏன் வரலன்னும் சொல்லணும் இல்ல?"

மறுநாள் பலகையில்: "ஒன்பதாம் நாள். ஒரு தட்டில் உப்பு வந்தது. இன்னொரு தட்டில் வராது. மிஸ் கசப்புத் தண்ணீர் எடுத்துவிட்டார்." பிரேயரில் அதை அவள் வாசித்தபோது டீச்சர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். மணி அடிக்கும்வரை அழிக்க முடியாது. அன்று முழுவதும் நான் வாசல் பக்கம் போகவில்லை.

வெள்ளிக்கிழமை விழாவில் எரிமலையைவிட இரண்டு தட்டுகளுக்குத்தான் கூட்டம். வந்தவர்கள் எல்லாம் கசப்புத் தட்டில் விரலை விட்டுப் பார்த்து, என்னையும் ஒருமுறை பார்த்தார்கள். ஒன்றியத்திலிருந்து வந்த மேற்பார்வையாளர் ஷாலினியிடம், "இதெல்லாம் எந்தப் புத்தகத்துல படிச்ச?" என்று கேட்டார்.

"எங்கம்மா சொன்னாங்க சார். முன்னாடி உப்பளத்துல இருந்தாங்க. இப்ப இங்க சமைக்கிறாங்க."

பக்கத்தில் நின்ற காசிலிங்கம் மேஸ்திரிக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம பாத்தித் தண்ணி சார் இது. அம்சா மாதிரி தண்ணி பாக்க ஆளில்ல. ஜூன்ல அவ திரும்பி வந்துட்டா எனக்குக் கவலை விட்டுது."

ஷாலினி அவரைப் பார்த்தாள். பிறகு சமையலறை வாசலில் சுண்டல் பாத்திரத்தோடு நின்ற அம்மாவைப் பார்த்தாள். அக்கா பார்வையைத் திருப்பிக்கொண்டார். மேஸ்திரி ஒருவருக்குத்தான் என்ன நடந்தது என்று புரியவில்லை.

எல்லோரும் போனபின் சமையலறையில் ஷாலினியின் குரல் கேட்டது. நான் வெளியே பாய் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"முடிஞ்சிதுன்னு சொன்னியேம்மா?"

"முடிஞ்சிதுதான். உனக்கு."

"நான் ஆறாவது போறதாலயா?"

பாத்திரம் மட்டும் சத்தம் போட்டது. பிறகு, "நீ இந்த அஞ்சாவதுலயே ஒக்காந்துக்கலாம்னு கணக்குப் போடாத. காலை ஒடச்சிடுவேன்."

"அப்படி ஒண்ணும் நெனைக்கல," என்றாள் ஷாலினி. நினைத்திருப்பாள் என்றுதான் எனக்குப் பட்டது.

சனி, ஞாயிறு இருவரும் பள்ளிப் பக்கம் வரவில்லை. இந்த மூன்று மாதத்தில் என்ன செய்ய முடியும் என்று நான் யோசித்துப் பார்த்தேன். அக்காவே தொடர்ந்து சமைக்கட்டும் என்று மனு எழுதலாம். எழுதினேன், டீச்சர் கையெழுத்துப் போட்டார், அனுப்பினோம். இதுவரை பதில் இல்லை. வந்தாலும் அந்த இடத்துக்குக் காத்திருக்கும் இன்னொரு அம்மாவும் இதே உப்பளத்திலிருந்துதான் வருகிறார் என்பது மனுவைப் பெட்டியில் போட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது.

திங்கட்கிழமை காலை ஷாலினிக்கு மறுபடி எழுதும் முறை. நான் போனபோது பலகையின்முன் அக்கா நின்றிருந்தார். தலையில் சமையலுக்குக் கட்டிய துணி, கையில் ரவை எடுக்கும் கிண்ணம். பலகையில் மூன்று வரிகள்.

"ஆண்டு விழா நன்றாக நடந்தது. ஷாலினி ஜூன் மாதம் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். ஷாலினியின் அம்மா ஜூன் மாதம் உப்பளத்துக்குப் போகிறார்."

ஊர் முழுவதும் இந்த வாசலைத் தாண்டித்தான் போகும். நான் டஸ்டரைக் கையில் எடுத்தேன். "அக்கா, டீச்சர் வர்றதுக்குள்ள அழிச்சிடட்டுமா?"

"எதுக்கு? நடக்கப்போறதுதானே?" கிண்ணத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "ரூலு ரூலுதான்" என்றார்.

பிறகு இன்னும் கிட்டே போய் மூன்றாவது வரியை விரலால் தொட்டார். "ஷாலினியோட அம்மாவாம். எனக்குப் பேரு இல்ல? பதினெட்டு வருஷம் அந்தப் பாத்தியில யாரு அவளோட அம்மான்னு கூப்பிட்டாங்க?"

விளிம்பிலிருந்த சாக்பீஸை எடுத்தார். அழிக்கக் கூடாது என்பதால் அந்தச் சொற்களுக்கு மேலே இருந்த சின்ன இடத்தில், மெதுவாக, எட்டாம் வகுப்புக் கையெழுத்தில் எழுதினார்: அம்சவல்லி.

பின்னால் தள்ளி நின்று பார்த்தார். சமையலறையிலிருந்து ஏதோ தீயும் வாசனை வந்தது.

"ஐயோ, தாளிப்பு!" என்று கிண்ணத்தோடு ஓடினார்.