இலைக்கோழி அடைகாத்த ஏரி

குழந்தைக்கு எட்டு மாதம் ஆனபோது, திருப்பதியில் பாதியில் விட்டிருந்த விலங்கியல் ஆராய்ச்சிக்குத் திரும்பினேன். வீடு பாகாலாவில். தினம் ரயிலில் போய்வருவேன்.

முதல் கருத்தரங்கில் எனக்கு வந்த தலைப்பு, கருமுட்டைக்கும் விந்தணுவுக்கும் உள்ள அளவு வித்தியாசம். முட்டை பெரிது, கருவுக்கான உணவையும் சுமப்பது. விந்தணு பொடிசு, கோடிக்கணக்கில் உண்டாவது. அதனால்தான் பெரும்பாலான விலங்குகளில் ஆண் துணைக்காகச் சண்டை போடுகிறது, பெண் பிள்ளையோடு நிற்கிறது என்று பாடப்புத்தகத்தில் உள்ளபடி சொல்லி முடித்தேன்.

பின்வரிசையில் ஒரு சக மாணவர் எழுந்தார். "அப்போ குழந்தைய விட்டுட்டு நீங்க இங்க வந்தது இயற்கைக்கு விரோதம்தானேக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். "எல்லா இனத்துலயும் அப்படி இல்ல. நேர்ல பாத்து எழுதிக்கினு வரேன்" என்றேன்.

எங்கள் ஊர் ஏரியில் மழைக்காலத்தில் மிதக்கும் தாமரை இலைகள்மேல் நீளவால் இலைக்கோழி என்ற நீர்ப்பறவை கூடு வைக்கும். முட்டையிட்டதும் பெட்டை போய்விடும், அடைகாப்பது சேவல். மறுநாள் விடிந்ததும் பைனாகுலரோடு கிளம்பினேன். மாமியார் வாசலில் மறித்தார்.

"முட்டை உட்டவ இல்ல அடை காக்கணும்? நீ எங்க போய்க்கினு இருக்கே?"

கணவர் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "நான் காக்கறேம்மா. அவ போவட்டும்."

கூட்டில் நான்கு முட்டைகள். ஒரு நாள்கூட விடாமல் போனேன். இரண்டாவது வாரம் பெய்த மழையில் ஏரி நீர் ஏறிக் கூட்டைத் தொட்டது. சேவல் ஒரு முட்டையை அலகுக்கும் மார்புக்கும் நடுவே இடுக்கி, பின்பக்கமாகவே நடந்து பக்கத்து இலைக்கு இழுத்தது. இப்படியே மூன்றைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நான்காவது வழுக்கி நீரில் போனது. நான் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தேன். போய் எடுத்துவிடலாமா என்று கை பரபரத்தது. பார்க்க வந்தவள் தொடக்கூடாது என்று பென்சிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுதினேன். பெட்டை அக்கரையில் வேறொரு சேவலோடு இருந்தது.

மூன்றும் பொரிந்தன.

அடுத்த கருத்தரங்கில் நான் பார்த்ததைச் சொன்னதும் அதே மாணவர், "இது விதிவிலக்குதானே?" என்றார்.

"விதிவிலக்குதான். ஆனா இதோட முட்டையும் விந்தணுவவிடப் பல மடங்கு பெரிசு. யார் அடைகாக்கணும்னு அளவு மட்டும் முடிவு பண்ணல."

யாரும் சிரிக்கவில்லை. என் நெறியாளர் குறிப்பேட்டைக் கடைசிப் பக்கம்வரை புரட்டினார். ஒரு கூடு போதாது, ஏர்பேடு பக்கத்து ஏரிகளையும் பார் என்றார். அந்த வாரமே பஸ் ஏறினேன்.