ஓடி வந்த வானைத் தள்ளி அனுப்பினவன்

வாகனம் கழுவுகிற தொழிலில் சட்டம் ஒன்றுதான்: ஓடி வந்தது ஓடித்தான் போகவேணும். நான் கழுவிவிட்ட குலசிங்கம் அண்ணையின் வான் ஓடவில்லை.

தள்ளு

திறப்பைத் திருகுகிறார், எஞ்சின் இருமிவிட்டு நிற்கிறது. நாலு மணிக்கு ஆமிச் சோதனைச்சாவடியை மூடிவிடுவாங்கள், அதற்குமுன் அவர் அன்புவழிபுரம் போய்ச் சேரவேணும். பெற்றோல் எஞ்சினில் தண்ணீர் படவே கூடாத இடம் டிஸ்ரிபியூட்டர். நான் கிறீஸ் போகட்டுமென்று தண்ணீர்த் துவக்கை அதன் மூஞ்சியிலேயே பிடித்திருந்தேன். மூடியைக் கழற்றி என்ர சேட்டால் துடைத்து, நாலு பேர் தள்ளி, ஒருமாதிரி அனுப்பினோம்.

முதலாளி ராசையா எனக்கு மாமா முறை. ஓ.எல். சோதனையில் கணக்கில் இரண்டு தரம் தவறி, இனிப் பள்ளிக்கூடமே வேண்டாமென்று நின்ற என்னை வேலைக்குச் சேர்த்தவர். வான் போனதும் சொன்னார்: "இன்னொரு எஞ்சின் நிண்டுதெண்டா, நானே உன்னைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில இருத்திப்போட்டு வருவன்."

பொலித்தீன்

கணக்குச் சோதனையில் வேர்த்தவர்களுக்கு என்ர பயம் விளங்கும். அதற்குப் பிறகு நான் சரியான ஒழுங்கு. எஞ்சின் ஆறும்வரை நிற்பேன். பற்றரி வயரைக் கழற்றுவேன். டிஸ்ரிபியூட்டர், டைனமோ, காற்று இழுக்கிற வாய் எல்லாவற்றையும் பொலித்தீனால் கட்டிவிட்டு, எட்ட நின்று அடிப்பேன்.

அப்படித்தான் என்ர பழைய கணக்கு வாத்தியாரின் மொறிஸ் மைனரையும் கழுவினேன். ஸ்டார்ட் பண்ணினால் மூச்சுத் திணறுகிறது. காற்று வாயில் கட்டினதை அவிழ்க்க மறந்துபோனேன்! முதலாளி திரும்புவதற்குள் உருவிப் பொக்கற்றுக்குள் வைத்தேன். வாத்தியார் கண்டுவிட்டார். காட்டிக்கொடுக்கவில்லை, காதுக்குள் மட்டும் சொன்னார்: "விடை தெரியாட்டி அண்டைக்கும் நீ இப்பிடித்தான் பேப்பரை ஒளிச்சனி."

செம்மண்

சில்லில் செம்மண் ஒட்டியிருந்தால் சாவடியில் எந்தக் காட்டுக்குள்ளால் வந்ததென்று கேட்பாங்கள். அதனால் மூதூர் லொறிக்கார முஸ்லிம் நானா ஒருவர் மண்ணைப் போக்க வந்தார். நான் அடிப்பக்கமெல்லாம் மினுங்க அடித்துவிட்டேன். இவ்வளவு துப்புரவாகக் கழுவி எதை மறைக்கிறாய் என்று சாவடியில் இரண்டு மணித்தியாலம் மறித்து வைத்தாங்களாம். அடுத்த கிழமை வந்து சொன்னார்: "தம்பி, கொஞ்சம் ஊத்தையையும் விட்டுக் கழுவப் பழகுங்க."

முதலாளி காட்டித் தருகிறார்

குலசிங்கம் அண்ணை திரும்பவும் வந்தார். "உவன் தொடக்கூடாது" என்று என்னைக் காட்டிச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக் கடைக்குப் போனார். முதலாளி சாரத்தை மடித்துக் கட்டினார்.

"மாமா, எஞ்சின் ஆறட்டும்."

"நீ எனக்குப் படிப்பிக்காதை."

பொலித்தீனை நீட்டினேன், தட்டிவிட்டார். சுடச்சுட இருந்த எஞ்சினில் தண்ணீர் விழ, ஆவி முகட்டைத் தொட்டது. பிறகு திறப்பைத் திருகினால் சத்தமே இல்லை. அண்ணை றோட்டைக் கடந்து வருகிறார். முதலாளி தண்ணீர்த் துவக்கை என்ர கையில் திணித்தார். "நீதான் கழுவினனி எண்டு சொல்லு. இல்லாட்டி நாளைக்கே பள்ளிக்கூடம்."

"ஆரடா கழுவினது?" என்றார் அண்ணை.

நான் முதலாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணையும் பார்த்தார், மேலிருந்து கீழ்வரை. "ராசையா அண்ணை, சாரம் நனைஞ்சு கிடக்கிறது உங்கட, பழி மட்டும் அவன்ரயோ?"

முதலாளி பழியை ஏற்கச் சொன்னார், இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் போகச் சொன்னார். இரண்டையும் செய்யாமல் அடுத்த நாள் காலமை அவருக்கு முந்தி வேலைக்கு வந்து கேற்றைத் திறந்தேன்.