இரண்டு தெருவுக்கும் நடுவில் ஒரு புள்ளி

கல்லூரியில் கணக்கு நடத்திய காலத்தில், புள்ளிகளும் கோடுகளும் வரைந்து பாடம் எடுக்கும்போதெல்லாம் எவனாவது ஒருவன் எழுந்து, "இதெல்லாம் எதுக்கு சார் உதவும்?" என்பான். எனக்குச் சுர்ரென்று ஏறும். "உங்க ஊர்ல யாரும் யாரையும் வெட்டினதே இல்லையாடா?" என்று கேட்பேன். வகுப்பு சிரிக்கும். நான் சிரித்ததில்லை.

பாகூர்ப் பக்கம் எங்கள் ஊரில் மேலத்தெருவும் கீழத்தெருவும் ஏரி வாய்க்கால் தண்ணீருக்காக அடித்துக்கொண்டன. பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி நம் கொடி ஏறிய புதிது. பழைய சிப்பாய்க்கு அதிகாரம் உண்டா இல்லையா என்று அவனுக்கே தெரியாது. கேட்க நாதியில்லை என்றானதும் அரிவாள்கள் வெளியே வந்தன. நாங்கள் மேலத்தெரு. அவர்கள் எங்கள் வரப்பை வெட்டினால் நாங்கள் அவர்கள் வரப்பை வெட்டுவோம். எங்களில் ஒருவன் மண்டை உடைந்தால் அவர்களில் ஒருவன் மண்டை உடையும். அதற்கு மேல் போவதில்லை. அவர்கள் சும்மா இருந்தால் நாங்களும் சும்மா இருப்போம். இதையே பின்னாளில் ஆட்டக் கோட்பாடு, கேம் தியரி என்று கணக்குப் புத்தகத்தில் படித்தபோது எனக்கு வாந்தி வராத குறைதான். அந்த ஆட்டத்தில் ஓர் ஓட்டை உண்டு. அடிக்காதவனை அடித்தான் என்று நினைத்துவிட்டால் அப்புறம் அது நிற்கவே நிற்காது.

அந்த ஓட்டையை அடைத்து வைத்திருந்தவள் என் அக்கா. சண்டைக்கு முன்பே கீழத்தெருவில் வாழ்க்கைப்பட்டவள். வாய்க்காலைத் தாண்டி இரண்டு பக்கமும் போய்வர அவள் ஒருத்தியால்தான் முடியும். "எங்காளுங்க வெட்டல, நண்டு வளை தோண்டி வரப்பு ஒடஞ்சிருக்குது" என்று வந்து சொல்வாள். சித்தப்பா முறைப்பார், ஆனால் அரிவாளைக் கீழே வைத்துவிடுவார். எங்கள் தெரு ஒரு கொத்துப் புள்ளிகள், அவர்கள் தெரு ஒரு கொத்து, இரண்டையும் தொட்டுக்கொண்டு நடுவில் அவள் மட்டும். எதிராளியிடம் எத்தனை தடி, எத்தனை அரிவாள் என்று இரண்டு பக்கமும் விரல் நுனியில் வைத்திருந்தார்கள். அவளை ஒரு தடியனும் கணக்கில் எடுக்கவில்லை.

தலைப்பிரசவத்துக்கு வளையல் அடுக்கி, சீர் வைத்து, முறைப்படி அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். அன்றைக்கு இரண்டு தெருவும் வாய் திறக்காமல் வழி விட்டன. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பிரசவத்துக்கு வந்தவள் பிள்ளையோடுதான் திரும்ப வேண்டும். நடுவில் தனியாகத் திரும்பினால் பிறந்த வீடு அவளை விரட்டிவிட்டது என்று அர்த்தம். புருஷன் வீட்டுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. ஆக, அக்கா எங்களோடு இருந்தாள், வாய்க்காலைத் தாண்ட ஆள் இல்லை.

ஒரு விடியலில் எங்கள் வைக்கோல் போர் பற்றி எரிந்தது. நான் படிக்கும் இடத்திலிருந்து லீவுக்கு வந்திருந்தேன். "கீழத்தெருக்காரன் வேலைடா!" என்று சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். அக்கா நிறைமாத வயிற்றோடு குறுக்கே வந்தாள்.

"இன்னா சித்தப்பா நீ! கொசுவுக்கு மாட்டாண்ட போட்ட மூட்டம்தான் பத்திக்கிச்சி. சட்டி கவுந்து கெடக்குது, வந்து பாரு!"

"புருஷன் வூட்டுக்குப் பரிஞ்சிகினு வராதடி. உள்ள போ."

இதே பேச்சை அவள் கீழத்தெருவிலிருந்து வந்து சொல்லியிருந்தால் அது சேதி. எங்கள் வாசலில் நின்று சொன்னதால் புருஷனுக்குப் பரிவு. யாரும் சட்டியைப் போய்ப் பார்க்கவில்லை.

அக்கா புருஷனின் கரும்பைக் கொளுத்துவது என்று முடிவானது. மாமா இரவெல்லாம் காவல் காத்துவிட்டு விடிந்ததும் அந்தக் கரும்புக் கொட்டகையில்தான் தூங்குவார். எரிகிற போரிலிருந்தே கொள்ளி எடுத்தார்கள். "அவரு உள்ள தூங்குவாருடா!" என்று கத்திவிட்டு அக்கா கொல்லைப்புறமாக ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். நான் வாய்க்கால் கரைக்கு வருமுன் அவள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அக்கரை ஏறியிருந்தாள். மூச்சு வாங்கியது, பேச்சு வரவில்லை. தலை அவிழ்ந்து, நனைந்த சேலையோடு தனியாக நின்றவளைக் கீழத்தெரு பார்த்தது.

"தொரத்தி வுட்டுட்டானுங்கடா! புள்ளத்தாச்சியத் தொரத்தி வுட்டுட்டானுங்க!"

சத்தம் கேட்டு மாமா கொட்டகையிலிருந்து ஓடி வந்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு "இல்ல, இல்ல" என்றாள். அதை அழுகை என்றே அவர் எடுத்துக்கொண்டார். கையை உதறிவிட்டு அரிவாளோடு வாய்க்காலில் குதித்தார். "அது இல்ல மாமா!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். அதற்குள் என் முதுகுக்குப் பின்னால் எங்கள் ஆட்கள் கொள்ளிகளோடு வந்துவிட்டார்கள். அப்புறம் யார் காதில் என்ன ஏறும்?

சித்தப்பா வெட்டினார். கழுத்தில் ஒரே வெட்டு. மாமா தண்ணீரில் மல்லாந்து விழுந்தார், வாய் மட்டும் ஏதோ சொல்ல வந்ததுபோல் அசைந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் ஒருவனுக்கு மணிக்கட்டோடு கை போயிற்று. எங்களில் இன்னொருவனை வாய்க்கால் சேற்றில் முகத்தை அழுத்தியே கொன்றார்கள். கரும்பு எரிந்தது, அவர்கள் கூரைகள் எரிந்தன, பிறகு எங்கள் கூரைகள். போலீஸ் வந்து சேர்ந்தபோது எரிய எதுவும் மிச்சமில்லை.

பிறந்த வீடு புருஷனை வெட்டியவரின் வீடு. அங்கே வரமாட்டேன் என்றாள் அக்கா. புகுந்த வீட்டில் மாமியார், "நீ ஓடியாந்துதான்டி எம்புள்ள செத்தான்" என்று கதவைச் சாத்தினாள். வில்லியனூரில் ஒரு தூரத்து உறவின் மாட்டுக் கொட்டகையில் அவள் பிள்ளை பெற்றாள். கடைசிவரை அந்த ஊரிலேயே இருந்தாள்.

வெகுநாள் கழித்து, அவள் வீட்டில் உட்கார்ந்து மறுநாள் பாடத்துக்குப் படம் வரைந்துகொண்டிருந்தேன். இரண்டு கொத்து, நடுவில் ஒரு புள்ளி. என்னடா அது என்று கேட்டாள். "இந்த ஒரு புள்ளிய எடுத்துட்டா ரெண்டும் தனித்தனியாப் பூடும்க்கா" என்றேன்.

அவள் அந்தப் புள்ளியின் மேல் விரலை வைத்தாள்.

"எடுத்த புள்ளிய எங்கடா வெப்பீங்க?"