கொசு வயிற்றில் இரண்டு நாள்

மலேரியா ஒழிப்பில் எனக்குக் கிடைத்த வேலை கொசு பிடிப்பது. சிரிக்காதீர்கள், அதற்கும் அரசாங்கச் சம்பளம் உண்டு. ஐம்பதுகளின் கடைசியில், பெருமாள்மலைக்குக் கீழே சரிவிலிருக்கும் ஊர்களில் விடியும் முன்பே வீடு வீடாக நுழைவேன். கையில் டார்ச், வாயில் உறிஞ்சுகுழல். சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுவை உறிஞ்சிப் பிடித்து, லென்ஸில் அதன் வயிற்றைப் பார்க்க வேண்டும்.

கொசுவின் வயிறு பொய் சொல்லாது. நேற்று இரவு குடித்த ரத்தம் என்றால் பளிச்சென்று சிவப்பு. வயிற்றில் சுரக்கும் நொதி அந்த ரத்தத்தின் புரதத்தைக் கரைக்கக் கரைக்க, சிவப்பு கறுத்துச் சுருங்கும். பின்பக்கம் வெள்ளையாக முட்டை திரளும். நம் ரத்தம் செரித்தால்தான் அதற்குப் பிள்ளை. அந்தக் குளிரில் பாதி செரிக்கவே இரண்டு நாள் ஆகும். அத்தனை நேரமும் அது சுவரில்தான் கிடக்கும். டி.டி.டி. மருந்து அடித்த சுவராக இருந்தால் பிழைக்காது. எங்கள் தொழிலின் சூட்சுமமே அவ்வளவுதான்.

தை கடைசியில் ஒரு வீட்டில், பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான வயிற்றோடு ஐந்து கொசு பிடித்தேன். மார்கழியில்தான் மருந்து அடித்த வீடு அது; இரண்டு நாள் அந்தச் சுவரில் கிடந்தும் அவை சாகவில்லை. சுவரைத் தடவினேன். விரலில் சுண்ணாம்பு ஒட்டியது. மருந்து திட்டுத்திட்டாகக் காய்ந்து சுவரை அசிங்கப்படுத்தியிருக்கும், பொங்கல் வேறு. வீட்டுக்காரி வெள்ளையடித்துவிட்டாள். மருந்து அடியில், கொசு மேலே.

வெள்ளையடிக்கக் கூடாது என்று மருந்தடித்த அன்றைக்கே சொல்ல வேண்டியவன் நான்தான். சொன்னேன். அவள் பானை சட்டிகளை வாசலுக்குத் தூக்கிக்கொண்டிருந்தாள். நான் அடுத்த வீட்டுக்கு நடந்துகொண்டே பேருக்குச் சொன்னேன். அவள் காதில் விழுந்ததா என்று நான் நின்று பார்க்கவில்லை.

மூலையில் அவளுடைய இரண்டு வயதுப் பெண்குழந்தை சாக்குக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது.

“ஒருநா விட்டு ஒருநா குளுரு தூக்கிப் போடுதுண்ணே. மருந்தடிச்ச வீட்டுல காச்ச வராதுன்னீங்களே?”

மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தேன். கக்கியது. மறுபடி கொடுத்தேன். மறுபடியும் கக்கியது. பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லித் தாயையும் பிள்ளையையும் பஸ் ஏற்றிவிட்டு, அந்த ஒரு வீட்டுக்காவது திரும்ப மருந்தடிக்கச் சொல்லி மேலதிகாரியிடம் கெஞ்சினேன்.

“அடுத்த சுத்து ஆடியிலதான்யா. ஒத்த வீட்டுக்காக பம்ப மலையேத்தச் சொல்றியா?” என்றார்.

ஐந்தாம் நாள் அவள் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். அந்தத் தெரு வழியாகப் போவதையே நான் விட்டுவிட்டேன்.

ஆடியில் போய்த்தான் ஆக வேண்டியிருந்தது. நாங்கள் சொல்லும் முன்பே பானைகளை வெளியே அடுக்கிவிட்டு நின்றாள். மறுபடி வயிற்றோடு இருந்தாள்.

“அண்ணே, இந்தத் தடவையாவது நல்ல மருந்தா அடிங்க. போன தடவ அடிச்சது சரியில்ல.”

சொன்னால், போன பிள்ளை எதனால் போனது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் அதே சுவர்தான்.

“ஆறு மாசத்துக்குச் சுவத்துல சுண்ணாம்பு மட்டும் அடிச்சுராத தாயி” என்றேன்.

அவள் சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பானைகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.