மேலே இருந்த காரணம்

ஆடைத் தொழிற்சாலையில் இளம் பெண்கள் தைக்கும் ஒரு வரிசைக்கு நான் பொறுப்பாக இருந்தேன். வவுணதீவிலிருந்து பாலம் கடந்து பஸ்ஸில் போய் வருவேன். ஒருநாள் வரிசைக்கு ஒன்றாக டெப் என்ற சின்னத் தொடுதிரைக் கணினியைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். வேலை நின்றால் அதில் வரிசையாக இருக்கும் காரணங்களில் சரியானதை அமுக்க வேண்டும். எங்கே தாமதம் என்று மேலாளர் தன் அறையிலிருந்தே பார்த்துக்கொள்வார்.

அடுத்த கூட்டத்தில் அவர் முகம் சரியில்லை.

"உங்கட லைன் பிள்ளைகளுக்குக் கைவேகம் காணாது. கம்ப்யூட்டர் அப்பிடித்தான் சொல்லுது" என்றார்.

எனக்குச் சுள்ளென்றது. துணி வெட்டும் பகுதியிலிருந்து கட்டுகள் வராமல் நாங்கள் சும்மா இருந்த நேரமே அதிகம். திரும்பி வந்து, சட்டைக் கொலர் தைக்கும் பிள்ளையிடம் கேட்டேன்.

"வேலை நிண்டா நீ எதை அமுக்கிற?"

"மேல இருக்கிறதத்தான் அக்கா. எல்லாம் இங்கிலீசில கிடக்கு. ஆருக்கு விளங்கும்?"

எனக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீஷில் எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். மேலே இருந்தது, 'தைப்பவர் தாமதம்'. எங்கள் மேல் நாங்களே பழி போட்டுக்கொண்டிருந்தோம்.

தமிழில் போட்டுத் தரும்படி மேலாளரிடம் கேட்டேன். கொழும்பில்தான் மாற்ற வேண்டும், இப்போதைக்கு ஏலாது என்றார். நான் அதற்காகக் காத்திருக்கவில்லை. இங்கிலீஷ் தெரிந்த என் தங்கையிடம் ஒவ்வொன்றுக்கும் பொருள் கேட்டு, தேநீர் இடைவேளைகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். எது எந்த இடத்தில் இருக்கிறது என்று அவர்கள் மனப்பாடம் செய்தார்கள். அதன் பிறகு எங்கள் வரிசையிலிருந்து 'துணி வரவில்லை' என்பதே திரும்பத் திரும்பப் போனது.

மேலாளர் நம்பவில்லை. "இப்ப எல்லாப் பழியையும் துணி வெட்டுற கட்டிங் பகுதியில போடுறீங்களோ?"

"இல்ல சேர். ஒருநாள் காலமை எங்களோட வந்து நிண்டு பாருங்க."

மறுநாள் காலையில் வந்தார். கொஞ்ச நேரத்தில் எங்கள் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. துணிக்கட்டுகள் எங்களைத் தாண்டிப் பக்கத்து வரிசைக்குப் போனதை அவரே பார்த்தார். நேராக வெட்டும் பகுதிக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். துணி அனுப்பும் ஒழுங்கில் அங்கிருந்த கணினி எங்கள் வரிசையை எப்போதும் கடைசியில் வைத்திருந்தது. யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை.

அன்றே அதை மாற்றச் சொன்னார். என்னைப் பார்த்து, "நீங்க சொன்னது சரி" என்றார். அதைப் பிள்ளைகள் முன்னால் வந்து சொல்லும்படி கேட்டேன். சற்றுத் தயங்கினாலும், வந்து சொன்னார்.

எங்கள் வரிசையின் உற்பத்தி ஏறியது. சில மாதங்களில் டெப்பில் தமிழும் வந்தது. கூடவே எங்கள் இலக்கையும் உயர்த்தினார்கள். அது நியாயமில்லை என்று சொல்ல அடுத்த கூட்டத்துக்குப் போனேன். இந்த முறை கொலர் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனேன்.