ஆறு மூலை வெளிச்சமும் ஒரு கோழி டப்பாவும்

நான் துபாயில் இருந்தபோது ஒரு ஐப்பசியில் என் மனைவி ஊரில் கந்த சஷ்டி விரதம் இருந்தாள். கல்யாணமாகி நான்கு வருடம், குழந்தை இல்லை. நீங்களும் அங்கே ஆறு நாளும் இருக்கணும் என்றாள். சரி என்றேன். அவள் நம்பவில்லை. முந்தின வருடமும் அப்படித்தான் சரி என்றேன்; மூன்றாம் நாள் சைட்டில் பிரியாணி கொடுத்துவிட்டார்கள். அதை நானே அவளிடம் சொன்னதுதான் என் புத்திசாலித்தனம்.

"வாய்ப்பேச்செல்லாம் வேணாம். முருகன் படத்துகிட்ட உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. வெள்ளிக்கிழமை நம்ம ஊர்க்காரர் வர்றாருல்ல, அவர்ட்ட குடுங்க" என்றாள்.

எனக்குத் தெரிந்த கீழக்கரைக்காரர் ஒருவர் பர் துபாயில் கேமராக் கடையில் இருந்தார்; அவர்கள் வழக்கப்படி அண்ணன் என்பதற்குக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். விரதத்தின் இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை காலையில், புது லென்ஸ் ஒன்றை மாட்டிக்கொண்டு நான் தங்கியிருந்த கேம்புக்கே வந்துவிட்டார். சாமிக்கு முதுகு காட்ட மாட்டேன் என்று நான் கட்டிலில் பக்கவாட்டில் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் ஆறடி தள்ளி அலமாரி மேல் முருகன், படத்தைச் சுற்றி சீரியல் பல்பு. எடுத்ததும் கேமராவின் சின்னத் திரையில் காட்டினார். என் மீசையில் முடி எண்ணலாம். சாமியைத்தான் காணோம்.

"முருகன் எங்க காக்கா?"

"இந்தா, உங்க காதுக்குப் பின்னால மஞ்சளா கலங்கித் தெரியுதுல்ல, அவருதான்."

"சாமியக் கலங்க அடிச்சிட்டு என் மூஞ்சியத் தெளிவா எடுத்திருக்கீங்களே!"

"பின்னாடி உள்ளதக் கலக்கத்தானே தம்பி இந்த லென்ஸ வாங்குனேன்!" என்றவர், பல்புகளைப் பார்த்து முகம் சுளித்தார். ஒவ்வொரு பல்பும் காசு அளவுக்கு விரிந்து ஒளித் துண்டாக நின்றது. "இதான் இதுல குறை. உள்ள வெளிச்சம் வர்ற ஓட்டையச் சுத்தி ஆறு தகடு. முழுக்கத் திறந்தா உருண்டையா வரும். ஒரு திருகு மூடுனேன், மூலை விழுந்துருச்சு. நல்ல லென்ஸுல தகடு கூட இருக்கும், வளைஞ்சும் இருக்கும்."

எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஆறு மூலை. எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது.

"குறையா? இது ஆறுமுகன், காக்கா!"

"கம்பெனிக்காரனுக்கு இது தெரிஞ்சா விலைய ஏத்திருவான், சும்மா இருங்க" என்று சிரித்தார். பிறகு என் மனசுக்காக, தகடுகளை நன்றாக மூடி, மூச்சுக்கூட விடாதீங்க என்று மிரட்டி இன்னொன்று எடுத்தார். கண்ணின் பாவை சுருங்குகிற மாதிரி ஓட்டை சிறிதானால் முன்னாலும் பின்னாலும் எல்லாம் தெளியுமாம்.

ஜும்மா தொழுகை முடிந்து, கடையில் பிரிண்ட் போட்ட இரண்டையும் கொண்டுவந்தார். ஊர்க்காரருக்கு வாசலில் டாக்ஸி நின்றது. இரண்டாவது படத்தில் முருகனின் வேல் நுனிகூடத் தெரிந்தது. கூடவே, அலமாரிக்குக் கீழே மேஜையில் என்னோடு தங்கியிருந்த ரூம்காரர் தின்றுவிட்டு வைத்த கோழி டப்பாவும். வெளியே நீட்டிக்கொண்டிருந்த எலும்பு உட்பட.

"எல்லாம் தெளிவா வேணும்னீங்களே" என்றார் காக்கா. "பேசாம மொதப் படத்தக் குடுங்க. அதுல கோழியும் கலங்கிப் போச்சு."

"அதுல முருகனே இல்லியே!"

"யோவ், பிளைட்டு எனக்காக நிக்காது" என்று ஊர்க்காரர் கத்தினார். கோழிக்குப் பயந்து சாமியை மறைத்து அனுப்ப மனசு ஒப்பவில்லை. நடக்கிறது நடக்கட்டும், முருகா என்று இரண்டாவதை அவர் கையில் திணித்தேன்.

விரதத்தின் ஐந்தாம் நாள் போன் போட்டேன். எடுத்ததுமே, "கோழி யாருது?" என்றாள்.

"சத்தியமா என்னுது இல்ல. ரூம்காரர் தின்னது. நான் பார்க்கவே இல்ல…"

"தெரியுது, தெரியுது. நீங்க தின்னுருந்தா எலும்ப ஒளிச்சு வெச்சிட்டுல்ல போட்டோவுக்கு உட்கார்ந்திருப்பீங்க? பக்கத்துல இருந்தும் கண்ணுல படலேன்னா, நெனப்பு வேற எடத்துலதான் இருந்திருக்கு."

போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்திருப்பாள் போல. யாரிடமோ சொல்வது மாதிரி அவள் குரல் கேட்டது: "முருகா, இந்த வருசம் நெசமாவே இருக்காரு. நீ கணக்குல வெச்சுக்கோ."